ஒரு விசில், ஒரு டம்ளர்

மே 3

அன்புள்ள கண்டக்டருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயில் ஓட்டும் பயிற்சி விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், இனிக் கடிதம்தான். ரயில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். சந்தோஷம்தான், ஆனால் மனசு வீட்டிலேயே கிடக்கிறது.

நம் வாலுவுக்கு நாலு வயது. விளையாட்டில் இறங்கிவிட்டால் தாகம் தெரியாது. அவள் கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள். உச்சி வெயிலில் வாசலைத் தாண்ட விடாதீர்கள். மெல்லிய பருத்திச் சட்டை போதும். குளித்து முடித்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். தேங்கின தண்ணீர் பக்கம் தனியாக விடவே கூடாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வெயிலால் பிள்ளைக்கு ஏதாவது என்றால், எஞ்சினாவது ஒன்றாவது, பாதியிலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

உங்கள் டிரைவர்

மே 11

டிரைவர் அம்மாவுக்கு,

பஸ் நிறைய ஆட்களை மேய்க்கிறவனுக்கு ஒரு வாலு எம்மாத்திரம் என்று நினைத்துத்தான் லீவு போட்டேன். இவளோடு பார்த்தால் என் பயணிகள் எல்லோரும் தங்கம்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறாள். கெஞ்சினால் ஓடுகிறாள். கடைசியில் பரணில் இருந்த விசிலை எடுத்தேன். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும்: நிழலுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டு விசில் என்றால் ரைட், போகலாம். இப்போது எதிர்வீட்டுத் தையல்கார அக்காவின் இரட்டையரும் டம்ளரோடு வரிசையில் நிற்கிறார்கள். விசில் சத்தத்தில் ஒரு சட்டைக் கை கோணிவிட்டதாம். அக்கா என்னோடு பேசுவதில்லை.

தொட்டி கவிழ்ந்தேதான் இருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உன் கண்டக்டர்

மே 17

அன்புள்ளவருக்கு,

படித்துச் சிரித்தேன். நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறதே என்று கொஞ்சம் அழவும் செய்தேன். உடம்பில் வேர்க்குரு இருக்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள். அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

டிரைவர்

மே 24

அன்புள்ள உனக்கு,

மூட்டையைக் கட்டாதே. முழுதாகப் படி. வாலுவுக்கு ஒரு வேர்க்குருகூட இல்லை. விழுந்தது நான்.

பிள்ளைகள் விளையாட நிழல் வேண்டுமே என்று நட்ட நடுப்பகலில் மாடியில் தார்ப்பாய் கட்டினேன். ஊருக்கெல்லாம் விசில் ஊதினவன் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. கீழே வந்ததும் தலை சுற்றிச் சுவரோரமாகச் சரிந்தேன். வாலு என் கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஊதினாள். "அப்பா, விசில் அடிச்சாச்சு. குடி." நான் அசையவில்லை என்றதும் தெருவே அதிர ஊதினாள். தையல்கார அக்கா ஓடி வந்து, ஈரத்துணி போட்டு, கண் தெளிந்ததும் தண்ணீர் கொடுத்து, டாக்டரிடமும் கூட்டிப் போனார். இப்போது தேவலை. அக்கா பேசவும் ஆரம்பித்துவிட்டார், முழுக்கத் திட்டுதான்.

உன் நிபந்தனை பிள்ளைக்குத்தானே? அப்பனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நீ எஞ்சின் ஓட்டுவதை நான் பார்க்க வேண்டும். வந்துவிடாதே.

விசிலை இழந்த கண்டக்டர்

மே 30

என் அருமைக் கண்டக்டருக்கு,

மூட்டையைக் கட்டினேன். நீங்கள் தேறிவிட்டதாக அக்காவும் தனியாக எழுதியிருந்தார், அதைப் பார்த்த பிறகுதான் அவிழ்த்தேன். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்வேன்? வீட்டில் ஒரே ஒரு வாலுதான் என்று நினைத்தது என் தப்பு.

இதை மகளுக்குப் படித்துக் காட்டுங்கள்: கண்டக்டரம்மா, அம்மா படிப்பை முடித்துவிட்டே வருவேன். அதுவரை அந்தப் பயணியை நிழலிலேயே வை. விசிலைத் திருப்பிக் கொடுக்காதே.

நேற்று முதல்முறையாக எஞ்சினை என் கையில் கொடுத்தார்கள். ஹாரனை ஒரு தடவை அடித்தேன். உடனே பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். பயிற்சியாளர் இது என்னம்மா என்று விழித்தார்.

எங்கள் வீட்டுச் சட்டம் என்றேன்.

உங்கள் டிரைவர்