கப்பலில் காலியாகப் போன படுக்கை

ஜூலை 8, 2023. சனி. கப்பலில்.

இன்று காரில் இருந்தவர்கள்: என் மகன் ஃபின்பார், ஓட்டினான். அவன் பக்கத்தில் மருமகள் ஓர்லா. நடு வரிசையில் பேரன் டோனல், ஆறு வயது. அவனுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஜோசபீன். பிள்ளையைச் சுவர் மாதிரி நடுவில் வைத்தது ஓர்லாவின் யோசனை. பின்னால் மூட்டைகளோடு மூட்டையாகப் பேத்தி மேவ், பதினொரு வயது.

ஆறு பேர். கப்பலில் ஏறியது ஐந்து பேர்.

இந்த நோட்டை மேவ்தான் கொடுத்தாள். “கப்பல்ல பொழுது போகாது பாட்டி, எழுதுங்க” என்றாள். நான் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணல். ஞாபகத்தில் ஒரு கோணல் கிடையாது.

ஜோசபீன் என் அம்மாவின் மூத்த மகள். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டு அறுபது வருஷம் ஆகிறது. 1963 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. கார்க் நகரத்தில் பென்ரோஸ் கப்பல் துறை. நானும் அவளும் இங்கிலாந்துக்கு ஆஸ்பத்திரி வேலைக்குப் போக நின்றோம். இருவருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. முந்தின நாள்தான் அப்பா ஏணியிலிருந்து விழுந்திருந்தார். கப்பல் ஏறும் படிக்கட்டில் கால் வைத்த பிறகு திரும்பிச் சொல்கிறாள்: “அப்பாவப் பாத்துக்க ஒருத்தர் வேணும் நோனி. நீ சின்னவ. அடுத்த மாசம் வா.” போய்விட்டாள். பெட்டியோடு என் துணிகளும் போயின. நான் வெறுங்கையோடு கரையில் நின்றேன், அவள் கை ஆட்டினாள். அடுத்த மாசம் வரவே இல்லை. அப்பா பதினொரு வருஷம் படுக்கையில் கிடந்தார்.

நாலு வருஷம் முன்னால் திரும்பி வந்து எங்கள் ஊர் டன்மான்வேயிலேயே வீடு எடுத்தாள். ஞாயிறு பூசையில் பார்த்தால் தலை அசைப்பேன். அவ்வளவுதான்.

ஃபின்பார்தான் அவளையும் சேர்த்து பிரான்சுக்கு டிக்கெட் போட்டான். அவர்கள் நாலு பேருக்கு ஒரு அறை, எனக்கும் அவளுக்கும் ஒரு அறை. ஈஸ்டர் அன்று என்னிடம் சொன்னான்: “பெரியம்மாகிட்ட பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லிடுங்கம்மா. இங்கிலாந்து போற மாதிரி சும்மா வந்து ஏற முடியாது.” சரி என்றேன்.

சொல்லவில்லை. ஆயுசு முழுக்க ஒரு காகிதமும் இல்லாமல் இங்கிலாந்துக்கும் இங்கேயுமாகக் கப்பலில் போய் வந்தவள், அவளுக்கு எங்கே தோன்றப் போகிறது? பதிமூன்று ஞாயிறு அவளை மாதா கோயிலில் பார்த்தேன். பதிமூன்றிலும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வழியில் பாண்டனில் பெட்ரோல் போட நிறுத்தினோம். அவள் கழிப்பறைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்து ஓர்லாவிடம் சொன்னேன், “அவகூட ஒரே ரூம்ல படுக்கறதுக்கு நான் கார்லயே படுத்துக்குவேன்.” ஓர்லா முகம் மாறினாள். திரும்பினால் ஜோசபீன் டோனலுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு பின்னால் நிற்கிறாள். கேட்டதா? தெரியவில்லை. ஐஸ்கிரீம் அவள் கையில் வழிந்துகொண்டிருந்தது.

ரிங்கஸ்கிடி துறைமுகத்தில் கார்கள் வரிசையாக நின்றன. ஜன்னல்காரர் பாஸ்போர்ட் கேட்டார். ஃபின்பார் ஐந்தை நீட்டினான். “பெரியம்மா, உங்களுது?”

கைப்பையைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். டப்பென்று மூடினாள்.

“அடக் கடவுளே, பாஸ்போர்ட்டா! இங்கிலாந்து போற மாதிரின்னுல்ல நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. அவள் இறங்கினாள். ஃபின்பார் கைபிடித்து அங்கே ஒரு பெஞ்சில் உட்காரவைத்தான். “லீவைக் கெடுத்துக்காதீங்க, போங்க. எனக்கு டாக்சி பிடிக்கத் தெரியாதா?” என்றாள். பிறகு எழுந்து வந்து என் பக்கத்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, “நோனி, கீழ்ப் படுக்கையாப் பாத்து எடுத்துக்கோ, உனக்குத் தலை சுத்தும்” என்றாள்.

நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன்.

அவள் பெட்டி காரிலேயே வந்துவிட்டது. கூடாரம், சைக்கிள், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. எடுக்க யார் விட்டார்கள்?

இப்போது அறையில் இருக்கிறேன். கொஞ்ச நேரம் முன்பு, கப்பல் கோவ் ஊரை ஒட்டிப் போகும்போது, மேவ் மூச்சிரைக்க ஓடிவந்தாள். “பாட்டி, மேல வாங்க! கோவ் கரையில ஜோசி பாட்டி நிக்கறாங்க! மஞ்சக் கோட்டு! நம்மளப் பாத்துக் கை ஆட்டறாங்க!”

கால் வலிக்கிறது என்றேன்.

கால் நன்றாகத்தான் இருந்தது.


ஜூலை 9. ஞாயிறு. காலை.

என் இரவு உடுப்புப் பை கீழே காரிலேயே தங்கிவிட்டது. கப்பல் கிளம்பினால் கார் தளத்தைப் பூட்டிவிடுகிறார்கள், விடிந்துதான் திறப்பார்கள். அங்கே மஞ்சள் சட்டை போட்ட கப்பல்காரன் ஒருவனிடம் கேட்டுப் பார்த்தேன். “ராஜாவே வந்தாலும் திறக்க மாட்டோம் பாட்டிம்மா” என்றான். போட்ட உடுப்போடு படுத்தேன். இடுப்புப் பட்டி இரவெல்லாம் அறுத்தது.

எதிர்ப் படுக்கையில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. தலையணை மேல் சின்ன சாக்லேட். இரண்டு படுக்கைக்கும் வைத்திருந்தார்கள். என்னுடையதைத் தின்றேன். அவளுடையதைத் தொடவில்லை.

தலை சுற்றியது. அவள் சொன்ன மாதிரியே.


ஜூலை 12

பிரான்ஸ் என்கிறார்கள். அதே மழை. இதற்கு ஒரு கடல் தாண்டி வந்தோம். ஓர்லா வீட்டுத் தேயிலையும் பன்றி சாசேஜும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், சாப்பாடும் அதே.

ஃபின்பார் அவள் பெட்டியைக் கொண்டுவந்து என் கட்டில் காலடியில் வைத்தான். வேண்டுமென்றுதான் வைத்தான். நான் அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஓர்லா பார்த்துவிட்டாள்.

“அது பெட்டி அத்தை. உங்ககிட்ட வாய் குடுக்காது.”

“நீ உன் சாசேஜைப் பாரு, கருகுது.”


ஜூலை 16. ஞாயிறு.

இங்கே பூசைக்குப் போனேன். பிரெஞ்சு, ஒரு வார்த்தை புரியவில்லை. சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரம் வந்தது. எங்கள் கோயிலில் அந்த நேரம் பார்த்து நான் கைக்குட்டையைத் தேடுவேன், இரண்டு வரிசை முன்னால் அவள் திரும்பி நிற்பாள் என்று தெரியும். இங்கே தேட அவசியம் இல்லை. யாரோ ஒரு பிரெஞ்சுக் கிழவி என் கையைப் பிடித்தாள். விடவே இல்லை.

பதிமூன்று ஞாயிறு. ஒரு வார்த்தை. “பாஸ்போர்ட் எடு.” அதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்?


ஜூலை 19

மழை. பெட்டியைத் திறக்கவில்லை.


ஜூலை 22. சனி.

காலையில் கப்பல் கோவைத் தாண்டும்போது நான் முதல் ஆளாக மேல்தளத்தில் நின்றேன். குளிர். மேவ் என் கோட்டைக் கொண்டுவந்தாள்.

“யாரப் பாட்டி தேடறீங்க?”

“யாரையும் இல்ல. மாதா கோயில் கோபுரம் பாக்கறேன்.”

கரையில் யாரும் இல்லை. நாங்கள் வரும் நேரம் அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் எதற்கு வரவேண்டும்?

டன்மான்வேயில் அவள் வீட்டு வாசலில் ஃபின்பார் காரை நிறுத்தினான். “அம்மா, பெட்டிய நீங்களே குடுங்க. அஞ்சு அடி தூரம்.”

“நீயே குடு. கால் வலிக்குது.”

“கப்பல்லேந்து இறங்கறப்ப ஓடுனீங்களே, அந்தக் காலா?”

அவனே எடுத்துப் போனான். திரும்பி வந்து காரை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். “நோனிக்குக் கப்பல்ல தலை சுத்துச்சான்னு கேட்டாங்க” என்றான்.

“என்ன சொன்னே?”

“சுத்துச்சுன்னேன்.”

“ஏன்டா சொன்னே?”

அவள் ஜன்னல் திரைச்சீலை விலகியது. நான் ரோட்டைப் பார்த்தேன்.


செப்டம்பர் 3. ஞாயிறு.

இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். “உன் பாஸ்போர்ட் விஷயம் எனக்குத் தெரியும், வேணும்னுதான் சொல்லல.” வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணமில்லை, தெரியட்டும் என்றுதான். பூசை முடிந்து அவள் வாசலில் சாமியாரோடு பேசிக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். காத்து நின்றேன். பேச்சு நீண்டது. வந்துவிட்டேன்.

அடுத்த வாரம்.


நவம்பர் 26

ஃபின்பார் வரும் வருஷத்துக்கு டிக்கெட் பார்க்கிறான். “பெரியம்மாவக் கேக்கவா?” என்றான். “கேளு” என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

பாஸ்போர்ட் எடுக்க இந்த முறை நானே சொல்வேன். கிறிஸ்துமஸ் கழியட்டும். அவளுக்கும் இருமல், எனக்கும் இருமல்.


ஜனவரி 9, 2024. செவ்வாய்.

ஜோசபீன் போய்விட்டாள். தூக்கத்தில். பால்காரர்தான் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

என்னை விட்டுப் போக அவளுக்கு எப்போதும் செவ்வாய்க்கிழமைதான் வாய்க்கிறது.


ஜனவரி 11

ஊரே வந்தது. அவள் வீட்டில் அத்தனை நாற்காலி இல்லை, பக்கத்து வீடுகளிலிருந்து வாங்கிப் போட்டோம். “நீங்கதான தங்கச்சி? எந்நேரமும் உங்களப் பத்தித்தான் பேசுவாங்க” என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்தார்கள். பேசியிருக்கிறாள். இவர்களிடம். நான் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். முப்பது கோப்பை, நாற்பது கோப்பை. கை ஓய்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.


பிப்ரவரி 10. சனி.

அவள் வீட்டைக் காலி செய்தோம். இருந்தவர்கள்: ஃபின்பார், ஓர்லா, நான்.

கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டி. கைப்பிடியில் கப்பல் அட்டை அப்படியே கட்டியிருந்தது. ஜூலையில் கொண்டுவந்து கொடுத்ததை அவள் பிரிக்கவே இல்லை.

திறந்தேன். அவள் துணிகள், ஒன்றிரண்டு. அவள் குச்சி மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே புது இரவு உடுப்பு ஒன்று, கடைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. விரித்தேன். அவளை மாதிரி இரண்டு பேர் உள்ளே நுழையலாம்.

“இது உங்க அளவாச்சே அத்தை!” என்றாள் ஓர்லா.

நான் பழசும் கிழிசலுமாக ஒன்றைக் கொண்டுவருவேன், இல்லாவிட்டால் கொண்டுவர மறந்துபோவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று இரவு இடுப்புப் பட்டி அறுக்க நான் படுத்திருந்தபோது இது கீழே பூட்டிய தளத்தில், எங்கள் காரில் இருந்தது.

கைப்பையை ஃபின்பார் எடுத்தான். அவன் எடுத்த விதத்திலேயே எனக்கு ஏதோ தெரிந்துவிட்டது. உள்ளே கையை விட்டு எடுத்து என் மடியில் வைத்தான். பாஸ்போர்ட். புதுசு. போன வருஷம் மே மாதம் எடுத்தது. படத்தில் தலைக்குப் பூப்போட்ட கிளிப் குத்திக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி பார்க்கிறாள். ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை.

“ஈஸ்டருக்கு மறுநாளே நான் பெரியம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்மா. நீங்க சொல்லமாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப அந்த ஜன்னல்கிட்ட—”

“கைப்பைக்குள்ளதான் இருந்துச்சு. தெறந்தப்ப நானே பாத்தேன். வாயத் தெறக்கப் போனேன், தோளப் புடிச்சு அழுத்துனாங்க.” பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினான். “பெஞ்சுல உக்காந்தப்புறம்தான் சொன்னாங்க. ‘அவ கப்பல் ஏறட்டும்டா. நான் கரையில நின்னு பாக்கறேன். இந்தத் தடவை என் முறை’ன்னாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

பாண்டனில் நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

“விழுந்துச்சும்மா” என்றான்.

மஞ்சள் கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.


பிப்ரவரி 11. ஞாயிறு.

பூசைக்குப் போகவில்லை. அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு அடுப்படி மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அளவு சரியாக இருக்கிறது. தோள்கூட இறங்கவில்லை.

ஃபின்பார் ஏழு மாதம் என்னிடம் மறைத்தான். போகட்டும், சத்தியத்தைக் காப்பாற்றினான். ஓர்லாவுக்கும் தெரிந்திருக்கிறது, அவளும் போகட்டும். ஏணியிலிருந்து விழுந்த அப்பா, வேண்டுமென்றா விழுந்தார்? அவரும் போகட்டும். 1963 ஜூன் 11, பென்ரோஸ் துறை, ஒற்றைப் பெட்டி, அதில் இருந்த என் நீலப் பாவாடை — அதையும் விட்டுவிட்டேன். எழுதிவிட்டேன், இனி பேச்சில்லை. மஞ்சள் கோட்டைப் பார்க்க மேலே ஏறாத என் காலை நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும், அது என் பாடு.

ஆனால் ஒருத்தியை விடமாட்டேன். ஜூலையிலிருந்து ஜனவரி வரை ஒரே கோயிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் விட்டுக்கொடுத்ததை என்னிடம் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், அவள் கத்தியிருப்பாள், யாராவது அழுதிருப்போம், பிறகு தேநீர் போட்டிருப்போம். ஒன்றும் சொல்லாமல், என்னை ஜெயிக்கவிட்டு, கரையில் நின்று கை ஆட்டிவிட்டு, மறுபடியும் எனக்கு முன்னால் தனியாகப் போய்விட்டாள். அவளை மன்னிக்கமாட்டேன். போகிற இடத்தில் நேரில் பார்த்துக் கேட்பேன்.

இந்த நோட்டு முழுக்க ஜோசபீன் என்றே எழுதியிருக்கிறேன். வீட்டில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஜோசி. என் அக்கா.