அஞ்சலி பேனரில் ஒரு செருப்பு

புது ஃப்ளெக்ஸ் பேனரின் நெடி உனக்குப் பிடிக்காது. பூந்தமல்லியை ஒட்டிய நசரத்பேட்டையில் உன் கடைக்கு எதிரிலேயே ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்கள் இருந்தார்கள். அந்த மையும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை ரோட்டைத் தாண்டி வந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவிடுவாய். அதே வாடை ஒரு வாரமாக நூம்பலில் என் வீட்டு ஹாலில் அடிக்கிறது. சோபாவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறேன். உனக்காக அடித்த அஞ்சலி பேனர் அது. அதை மாட்டவிடாமல் நான்தான் தடுத்தேன். ஏன் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மாரடைப்பில் நீ போன பிறகு, நம் விண்கப்பல் தொடரின் ரசிகர் குழு அம்பத்தூரில் ஒரு சின்ன ஹால் எடுத்து நினைவுக் கூட்டம் நடத்துவது என்று முடிவு செய்தது. பேனர் வேலையை ஆவடி முரளி ஏற்றுக்கொண்டான். உங்கள் வீட்டில் இறந்தவர் படத்துக்கு மாலை போட்டு வைக்கும் வழக்கமில்லை. உன் பெரிய அண்ணன், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், தம்பியின் போட்டோ மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் முரளி உன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விண்கப்பலைப் போட்டுவிட்டான். பேனரைப் பிரித்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்ததும் பயங்கரக் கோபம் வந்தது. அவன் போட்டிருந்தது அண்டாவை.

நம் சண்டை தெரியாத யாராவது இதைப் படித்தால் நமக்குப் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டும் வயதில் டிவி தொடரில் வரும் கப்பலுக்காக மல்லுக்கட்டிய ஆட்கள் நாம். பழைய தொடரில் வந்தது உப்பிய வயிறும் வட்ட வட்ட ஜன்னலுமாக இருந்த கப்பல். அதற்கு அண்டா என்று யார் பேர் வைத்தார்களோ தெரியாது. பல வருஷம் கழித்து அதே தொடரைப் புதிதாக எடுத்தபோது கப்பலை மெலிதாக, தட்டையாக மாற்றிவிட்டார்கள். அந்தப் புதுக் கப்பலின் படம் முதலில் வெளியான அன்று குழுவில் ஒரே ஒப்பாரி. நானும் நீளமாக எழுதினேன். அண்டாவுக்குள் நடந்தால் யாராவது எதிரே வருவார்கள், நின்று பேசுவார்கள், அது ஒரு வீடு. இதைப் பார்த்தால் கழற்றிப் போட்ட செருப்பு மாதிரி இருக்கிறது என்று. செருப்பு என்ற பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. அதை வைத்தவன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது.

அதுவரை முகம் தெரியாத ஒருவன் அதற்குப் பதில் போட்டான், நீதான். "செருப்புன்னே வச்சிக்க மாமே. மாட்டிக்கினு எங்க வேணா போலாம். அண்டாவ தூக்கிக்கினு எங்க போவ?"

எல்லாரும் உனக்குச் சிரிப்பு பொம்மை போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ பூந்தமல்லிக்காரன் என்று தெரிந்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியை எடுத்துக்கொண்டு சண்டை போட வந்தேன். நீ வேன்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தாய். வாசலில் கழற்றிப் போட்டிருந்த வேன் சீட் ஒன்றில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திட்டுகிறாயா, திட்டிவிட்டுச் சாப்பிடுகிறாயா என்று கேட்டாய். அதற்கப்புறம் உன்னை ஒழுங்காக வெறுக்க முடியவில்லை.

மதுரையிலிருந்து வேலைக்காக வந்த எனக்கு அலுவலகமும் ஃப்ளாட்டும் போக இந்த ஊரில் போக ஒரு இடம் கிடைத்தது என்றால் அது அந்த வேன் சீட்டுதான். அண்டாவின் கதவுகள் வெறும் ப்ளைவுட், ஆள் தள்ளினால் ஆடும் என்பாய். ஆடினாலும் அதற்கு ஒரு களை இருந்தது என்பேன். களையை வைத்துக்கொண்டு வேற்றுக் கிரகத்துக்குப் போவார்களா என்பாய். உனக்கு ரசனை கிடையாது என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். அடுத்த வாரம் மறுபடியும் வந்து நிற்பேன். உன் மனைவி போனில், அந்தக் கப்பல்கார அண்ணன் வந்திருக்கிறாரா, டீ ரெண்டாகக் கொடுத்து அனுப்பவா என்று கேட்பது எனக்குக் கேட்கும்.

புதுத் தொடரின் மூன்றாவது பகுதியில் செருப்பை முதல் அரைமணி நேரத்திலேயே வெடிக்க வைத்துவிட்டு அண்டாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழைய இசை, பழைய ஜன்னல், எல்லாம் அப்படியே. குழுவில் அன்று தீபாவளி. நான் அழுதே விட்டேன், பொய் சொல்லவில்லை. உன்னைக் கலாய்க்கலாம் என்று போன் செய்தால் எடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கடைக்கு வந்தேன். ஒரு சீட்டுக்கு ஸ்பாஞ்ச் வைத்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்க்கவில்லை. வாய் வரைக்கும் வந்த கிண்டலை அப்படியே முழுங்கிவிட்டேன்.

பிறகு நீயாகவே பேசினாய். "எனக்கு மேல நாலு அண்ணனுங்க. சட்டை, சைக்கிளு, ஸ்கூல் புக்கு, எல்லாம் அவங்க யூஸ் பண்ணி உட்டதுதான் எனக்கு வரும். அண்டாவும் அப்டித்தான் வந்துச்சு. அவங்க பாத்தாங்க, நானும் கூட குந்திகினு பாத்தேன். செருப்பு ஒண்ணுதான் மச்சான் நேரா எனக்குன்னு வந்துச்சு. அதையும் ஒடச்சிட்டானுங்க."

நான் ஸ்பாஞ்சின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இதை க்ரூப்பில் சொல்லாதே, கலாய்த்தே கொன்றுவிடுவார்கள் என்றாய். சொல்லவில்லை.

அந்த அண்டா இப்போது உன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. உயிரோடிருந்தவரை அண்ணன்கள் சட்டையைப் போட்டாய். போன பிறகும் நம் குழு ஆட்கள் அதையே உனக்கு மாட்டிவிடப் பார்த்தார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. குழுவில், படத்தை மாற்ற வேண்டும், அவன் கப்பல் செருப்புதான் என்று எழுதினேன். யாரும் நம்பவில்லை. அவர் சும்மா வம்புக்குத்தான் அப்படிப் பேசுவார், உள்ளுக்குள் அவரும் நம்ம ஆள்தான் என்றார்கள். அதைச் சொன்னவர்கள் எல்லாரும் உன்மேல் பாசமாகத்தான் சொன்னார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முரளி போனிலேயே கேட்டான்: "அஞ்சலி பேனர்ல போய் செருப்பப் போடுவியா? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

நீ நம்பிச் சொன்னதைச் சொல்ல முடியாது. அதனால் நீ வருஷக்கணக்காகப் பேசிய எல்லா வாதத்தையும் உட்கார்ந்து எழுதினேன். புதுக் கப்பலின் அந்த மெலிந்த வளைவு, அது திரும்பும் விதம், ஏற்கெனவே பார்த்த இடத்துக்கே போகிற கப்பலுக்கு எதற்கு எஞ்சின் என்று நீ கேட்டது, எல்லாம். எழுத எழுதத்தான் தெரிந்தது, ஒன்றுகூட மறக்கவில்லை. கடைசியில் முரளியே, சரி, உன்னை விட யாருக்குத் தெரியும், இன்னொன்று அடித்துவிடுகிறேன் என்றான்.

கூட்டத்துக்கு உன் பெரிய அண்ணன் வந்தார். பேனர் முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது இன்னா கப்பலு? அவனுக்கு அந்தப் பழசுதானே புடிக்கும்? எங்க கூடவே குந்திகினு பாத்தவனாச்சே."

அவரையும் நோகடிக்கக் கூடாது. உன்னையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. "பழசு நீங்க குடுத்தது பாய். இது அவனே தேடிக்கிட்டது" என்றேன்.

அவர் மறுபடியும் பேனரைப் பார்த்தார். பிறகு, "எங்கள்ட்ட சொல்லவே இல்லியேப்பா" என்றார். கூட்டம் முடிந்ததும் நாற்காலி மேல் ஏறி அவரே பேனரின் கயிற்றை அவிழ்த்தார். நாங்கள் உதவப் போனோம், வேண்டாம் என்றுவிட்டார். மடங்காமல் சுருட்டி, வண்டியில் தன் முன்னால் வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்கு எடுத்துப் போனார்.

எனக்கு இப்போதும் அண்டாதான் பிடிக்கும். செத்துப்போய்விட்டாய் என்பதற்காக அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் நீ இருந்தவரை என் பக்கத்தை மட்டும் பேசினால் போதும், இன்னொரு பக்கத்தை நீ பார்த்துக்கொள்வாய். இப்போது குழுவில் யாராவது உன் கப்பலைத் திட்டினால் நான்தான் பதில் போடுகிறேன். நன்றாகத்தான் போடுகிறேன். யாராலும் மறுத்துப் பேச முடிவதில்லை. உன் வாதத்துக்கு அண்டா பக்கத்தில் என்ன பதில் என்று எனக்கு மட்டும் தெரியும், மச்சான். அதைச் சொல்லத்தான் எதிரில் ஆளில்லை.