கோடிப் புடவை வாங்கப் போன காலை

என் சாரதா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது அசட்டுத்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இன்று நானே எழுதுகிறேன். உயிரோடிருப்பவர்கள் எல்லோரும் என்னை மன்னித்துத் தொலைத்துவிட்டார்கள். திட்டுவதற்கு நீ ஒருத்திதான் மிச்சம்.

மகர்பட்டா வீட்டுப் பால்கனி நினைவிருக்கிறதா? மார்பில் தொடங்கியது கல்லீரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டது என்று மருத்துவர் சொன்ன வாரம். இறந்தபின் உன் திசுக்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற படிவத்தில் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினாய்.

"உசிரோட இருக்கறப்போ கை வைக்க முடியாத இடத்துலேர்ந்தெல்லாம் செத்தப்புறம் எடுத்துப் பாக்கலாமாம், அக்கா. எப்படிப் பரவுச்சுன்னு அப்பத்தான் தெரியுமாம். வித்யாவுக்காகத்தான்."

"அப்போ உன் பொண்ணுகிட்டயே குடேன்."

"அவகிட்டயும் சொல்லிட்டேன். ஆனா அந்த நேரத்துல அவ அழுது ஊரைக் கூட்டுவா. நீதான் கல்லு மாதிரி உக்காந்திருப்பே. உன் கைப்பையில வச்சுக்கோ."

பாராட்டா, குத்தலா? படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

படிவத்தின் நிபந்தனை ஒன்றே ஒன்று. உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் திசு எடுக்கப்பட வேண்டும். அதில் உள்ள எண்ணை உடனே அழைத்தால் வண்டி வரும். விலங்கியல் ஆசிரியைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. திசு யாருக்காகவும் காத்திருக்காது என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான்.

காலை ஆறேகாலுக்கு நீ போனாய். வித்யா உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏழு மணிக்கு உன் நாத்தனார் வந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பொறந்த வீட்டுக் கோடி யாரு கொண்டு வர்றது? அது போடாம எடுக்கக் கூடாதே."

நம் பிறந்த வீடு என்பது இப்போது நான் மட்டுமே. சடங்குகளைப் பார்த்துச் சிரித்தே வயதானவள், "நான் கொண்டு வர்றேன்" என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். ஏன் எழுந்தேன்? அந்த அறையில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கல் மாதிரி உட்கார எனக்குத் தெரியவில்லை, சாரதா. இதை நீ முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இந்த ஊரில் எந்தப் புடவைக் கடைக்காரன் பத்தரைக்கு முன் ஷட்டரைத் தூக்குகிறான்? ஹடப்சரில் ஒரு கடைப்படியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். படிவம் என் மடியிலிருந்த பையில்தான் இருந்தது. ஒரு நொடிகூட அது நினைவுக்கு வரவில்லை. கடை திறந்தபின்னும் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நைலான் கலந்தது உனக்கு அரிக்கும் என்று கடைக்காரனிடம் சொன்னேன்! கடைசியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பருத்திப் புடவை. ஆட்டோ நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால்.

உன்மேல் கோடியைப் போர்த்தினேன். பிறகு கைக்குட்டைக்காகப் பையைத் திறந்தேன். ஆம், அழுதேன். கைக்குட்டைக்கு அடியில் படிவம் இருந்தது.

வித்யா அதைப் பார்த்துவிட்டு, "அரே பெரியம்மா, நீங்க காலைலயே ஃபோன் பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அழைத்தேன். எத்தனை மணிக்குப் போனார் என்று ஒரு பெண் கேட்டாள். சொன்னேன். "உஷீர் ஜாலா, ஆஜி" என்றாள் மராத்தியில். தாமதமாகிவிட்டது, பாட்டி. அதை ஏன் அவ்வளவு மென்மையாகச் சொன்னாள்? ஒரு அதட்டல் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மாலை நீ புதுப் புடவையோடு எரிந்தாய். நீ தர விரும்பியதும் உன்னோடு எரிந்தது.

நற்செய்தி ஏதும் வைத்திருக்கவில்லை. உன்னிடமிருந்த அதே மரபணுக் கோளாறு வித்யாவுக்கும் இருக்கிறது. எனக்கு இல்லையாம். எழுபத்தெட்டு வயதில் எனக்கு இல்லாமலிருந்து யாருக்கு என்ன பயன்? அவள் கராடியிலுள்ள அலுவலகத்துக்குப் போகிறாள், வருகிறாள். ஆறு மாதத்துக்கொரு முறை சோதனைக்குப் போகிறாள். போன வாரம் சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மாவோடது குடுத்திருந்தா, எனக்கு ஏதாவது யூஸ் ஆயிருக்குமா?"

"ஆயிருக்காது" என்றேன். ஒருத்தியின் திசுவிலிருந்து மருந்து பிறந்துவிடாது, அது உண்மைதான். ஆனால் உண்மை என்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை.

"ஜானே தோ, பெரியம்மா, விடுங்க" என்று எனக்கு ரசம் ஊற்றினாள்.

அதே எண்ணை மறுபடி அழைத்து, என்னுடையது உதவுமா என்று கேட்டேன். நோயில்லாத திசுவும் தேவைப்படுமாம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அம்மா நம்மை வளர்த்ததே அப்படித்தானே! ஆனால் என்னை ஒப்பிட நீ அங்கே இல்லை. வேறு யாரோ ஒருத்தியின் பக்கத்தில் என்னை வைத்துப் பார்ப்பார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். படிவம் கைப்பையில் இல்லை. வாசற்கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. இம்முறை தாமதம் ஆகாது, சாரதா, வாக்குக் கொடுக்கிறேன். எனக்குக் கோடி கொண்டுவரப் பிறந்த வீட்டில் இனி ஒருவரும் இல்லை.

உன் கூடப் பிறந்தவள்,
அக்கா