பிரித்த கை

என்னங்க,

ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு இப்போதுதான் நீங்கள் அசந்து தூங்குவதால் எழுப்பாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு டப்பாவில் இருக்கிறது. மூடியை அழுத்தாமல் வைத்திருக்கிறேன், ஒரு கையாலேயே திறந்துவிடலாம்.

அச்சகத்து ஃபோர்மேன் மத்தியானம் உங்களைப் பார்க்க வருகிறார். போன தடவை மாதிரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். மிஷின் உங்கள் கையை இழுத்தபோது ஓடிவந்து நிறுத்தியவர் அவர்தான். அவருக்கும் தூக்கமே வருவதில்லையாம்.

நேற்று, "அந்த ஸ்வெட்டரைத் தூக்கிக் குப்பையில போடு, இனி அது யாருக்கு?" என்று கத்தினீர்கள்.  நான் அதைக் குப்பையில் போடவில்லை. விபத்துக்கு முன்னால் உடம்புப் பகுதியும் வலது கையும்தான் பின்னி முடித்திருந்தேன். இன்று விடிந்ததும் அந்த வலது கையைப் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது அழுகை வந்தது, ஆனால் பிரிப்பதை நிறுத்தவில்லை. வலது தோளை மூடித் தைத்தாயிற்று. பிரித்த நூலிலேயே இடது கையை ஆரம்பித்திருக்கிறேன்.

ஃபோர்மேனிடம் கோபப்பட்டாலும் சரி, எதிரே உட்கார்ந்து கோபப்படுங்கள்.

பி.கு.: இடது கைக்கு அளவு எடுக்க வேண்டும். சாயங்காலம் நான் வந்ததும் கையை நீட்டுங்கள். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், நீட்டினால் போதும்.