கிங்காவின் தோ

1975 ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று எங்கள் பள்ளியின் பாட்டு வகுப்புக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தோம். முப்பது இடம், எழுபத்தொரு பிள்ளைகள். அவர்களில் என் மகள் கிங்காவும் ஒருத்தி. நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். தலைமையாசிரியை மார்கித் அக்கா விடவில்லை. "ஒக்காரு. ஒன்ன நம்பாம யார நம்புறது?"

நான் "சோ–மி" என்று இரண்டு சுரம் பாடினேன்; அதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும். கிங்கா எனக்கு நன்றாகக் கீழே, தன் போக்கில் பாடினாள். மறுபடி பாடினேன், மறுபடி அங்கேயே. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று முதல் பெருக்கல் குறியை நானே போட்டேன்.

ஏப்ரல் 24

பட்டியல் ஒட்டியாயிற்று. கிங்காவுக்கு இடமில்லை; சாதாரண பி வகுப்பு. சாப்பிடும்போது என் கணவர் கெர்கோ கேட்டார்: "பாட்டு எல்லாருக்கும் பொதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிற. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கெடையாதா?"



ஏப்ரல் 29

கிங்கா பாடுவதில்லை. குளிக்கும்போதுகூட.

மே 4, ஞாயிறு

கதவிடுக்கில் பார்த்தேன். பொம்மையை எதிரே உட்காரவைத்து, நெஞ்சுக்கு நேரே கை காட்டி "சோ", கையைத் தாழ்த்தி "மி" என்று மெல்லப் பாடினாள். பிறகு பொம்மையிடம், "ஒனக்குப் பாட்டுக் காது இல்ல. நீ பி-க்குப் போ."

அங்கேயே நின்றுவிட்டேன். என் பிள்ளை விளையாடும் விளையாட்டா இது?

ஆனால் அந்த சோ, அந்த மி — இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் கச்சிதமாகச் சரி. அவளுடைய தோ, அதாவது மற்ற சுரங்களைத் தாங்கும் அடிச்சுரம், தாழ இருக்கிறது, அவ்வளவுதான். தோ எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று பத்து வருடமாகத் தொண்டை கிழியச் சொல்கிறேனே, நான்தானே? என் உயரத்துக்கு ஏறி வராததைப் பிழை என்று எழுதிவிட்டேன். பாவி நான்.

மே 5

தேர்வில் குறி போட்ட தாள்களைப் புரட்டினேன். அதே காரணத்துக்குக் குறி வாங்கியவர்கள் பதினான்கு பேர். மார்கித் அக்காவிடம் போய், அவர்களை மறுபடி பாடவைக்கலாம் என்றேன்.

"மறுபடி கூப்பிட்டா முப்பது எடம் நாப்பத்துநாலாயிடுமா? ஒம் பொண்ணுக்காகன்னுதான் பேசுவாங்க."

"அப்ப நான் பி-க்குப் போறேன்."

"கிறுக்கா ஒனக்கு? அங்க வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் பாட்டு. கொயர் இல்ல, புடாபெஸ்ட் ரேடியோல பாடுறது இல்ல. அடுத்த மாசம் ஜப்பான்லேருந்து நம்ம முறையப் பாக்க வர்றாங்க, அவங்க முன்னால யார நிறுத்துறது?"

"வேற யாரையாச்சும் நிறுத்துங்கக்கா."

கொயரை விட்டு வந்ததற்கு வீட்டில் வந்து அழுதேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 1, திங்கள்

பி வகுப்பு. கிங்கா இரண்டாம் வரிசை. வகுப்பில் நான் அம்மா இல்லை, டீச்சர் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

சுரம் எடுத்துக் கொடுக்கும் இசைக்கவையை நான் தட்டவில்லை. "யாராச்சும் ஆரம்பிங்க, நான் பின்னாலயே வர்றேன்" என்றேன். அப்புறம் கிங்கா, கையைக்கூடத் தூக்காமல், தன் இடத்தில் "சோ–மி" என்றாள். நானும் அங்கே இறங்கிப் பார்த்தேன். எனக்கு அது எட்டாத ஆழம். குரல் கரகரத்து நின்றுவிட்டது.

"டீச்சர், ஒங்களுக்கு வரல," என்றாள். "பரவால்ல. இன்னொரு தடவ சொல்லித் தர்றேன்."