லொறித் தகட்டில் ஒரு கத்தி

வெள்ளி.

ஐம்பதை நெருங்கும் எனக்கு இரும்படிக்கும் ஆசை ஏன் வந்தது? தெரியவில்லை. கழித்துப்போட்ட லொறி பிரேக் டிரம்தான் என் உலை. தேங்காய்ச் சிரட்டைக் கரிக்குக் காற்று ஊதுவது பழைய ஹெயார் டிரையர். இன்று புகையைக் கண்டு என் மூத்த சகோதரர், காக்கா, வந்தார்.

"ஊர் சிரிக்கிது தங்கச்சி. நான் கட்டித் தந்த வீட்டுல கொல்லன் பட்டறையா?"

"சீதனமா எழுதித் தந்திட்டீங்கதானே காக்கா. இப்ப வீடும் வளவும் என்ட."

நாளை வந்து உலையைத் தூக்கி எறிவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சனி.

அசர் தொழுகைக்குப் பின் உலையை மூட்டினேன். காக்கா வந்து நின்றார். லொறியின் வில்லுத் தகட்டில் அடித்த என் முதல் கத்தியைச் செஞ்சூட்டோடு தண்ணீரில் முக்கினேன். சட்டென்று குளிர்ந்த தகடு கீறி வெடித்துவிட்டது.

"இது ஒனக்குச் சரிவராதெண்டு இப்ப விளங்கிச்சா?" என்று சிரித்தார். தூக்கி எறிய வந்தவர் உலையில் கைவைக்கவில்லை. நான் அடுத்த தகட்டை நெருப்பில் வைத்தேன்.