தண்ணிக்கு ஜுரம்

நசரத்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மகள் ஸ்வீட்லினுக்கு அம்மா எழுதுவது. ரூர்க்கியில் குளிர் அதிகமாமே, சாப்பாட்டை விடாதே.

அப்பா ஓடையில் வழுக்கி விழுந்தார் என்று போனில் சொன்னது பொய். அடித்தார்கள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஓடைச் சூட்டைப் பதியும் பெட்டியை இங்கே வைத்தால் மறுபடி வருவார்கள். அதனால் சித்தப்பா மகன் விஜய்யிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன்.

ஓடைத் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், சாயப்பட்டறைக்காரன் சுடுதண்ணீரை விடுவதால் எவ்வளவு ஏறுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாயே, பட்டறை மேல் போட்ட வழக்கே அதில்தான் நிற்கிறது. அதற்காகத் தண்ணீரில் போட்டிருந்த பெட்டியை எடுக்க அப்பா சிறுபாலத்தடியில் இறங்கினார். நான் அவர் செருப்போடு கரையில் நின்றேன். பட்டறை ஆள் தினகரன் இரண்டு தடியன்களோடு வந்தான். "இன்னா பெர்சு, தண்ணிக்கு ஜொரம் பாத்துகினு கீறியா" என்று இளித்துவிட்டு, பெட்டியைக் கேட்டான். தீப்பெட்டி அளவுதானே, அப்பா கைக்குள் மூடிக்கொண்டார். இரும்புக் குழாயால் முதுகில் போட்டான். சேற்றில் விழுந்தவரை ஒருவன் தலையிலேயே உதைத்தான். கையைப் பிரிக்க முடியாமல் தினகரன் பூட்ஸ் காலோடு அதன்மேல் ஏறி மிதித்தான். எலும்பு நொறுங்கியது கரைக்குக் கேட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பிடித்த கை, விரியவில்லை.

நான் கருங்கல்லை எடுத்து அந்த நாயின் வாயிலேயே போட்டேன். பல் தெறித்தது. ரத்தம் துப்பிக்கொண்டே ஓடினான், தடியன்களும் பின்னாலேயே ஓடினார்கள். மன்னித்துவிடும்மா என்கிறார் போதகர். முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

இனி கவனமாகப் படி. தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும் பெட்டி பதிந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் வரை அது அப்பா கைக்குள் இருந்தது. கடைசியில் வரும் சூடு பட்டறைத் தண்ணீருடையது அல்ல. இருக்கட்டும்மா, கேஸுக்கு நல்லதுதானே என்றார் வக்கீல். வேண்டாம். பட்டறைக்காரன் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் பொய் என்பான். கணக்கிலிருந்து வெட்டிவிடு. ஆனால் அழித்துவிடாதே கண்ணு, உன்னிடம் வைத்துக்கொள்.

அப்பா இன்னும் கண் திறக்கவில்லை. கட்டுப் போடாத கையை நான் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன், சூடு ஏறமாட்டேன் என்கிறது. விஜய்யோடேயே கிளம்பு. இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டாவது வா. வரும் வழியெல்லாம் கர்த்தர் உன் கையைப் பிடித்திருக்கட்டும்.

உன் அம்மா
ராஜகுமாரி